மடியில் வைத்த பேட்டரி

வலது அடிவயிற்றில், அரைஞாண் கயிறு உரசுகிற இடத்துக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்தால் எட்டிப் பார்க்கும். மூட்டையைத் தூக்கினால் அது சுண்டி இழுக்கிற இழுப்பில் பல்லெல்லாம் கூசும். அன்று காலை காந்தி மார்க்கெட்டில் வெங்காய லாரி பாதிகூடக் காலியாகவில்லை. செல்லக்கண்ணு அந்த இடத்தை முஷ்டியால் அமுக்கிக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

“என்ன மாப்ள, இடுப்பு வலி கண்டிருச்சா? ஆட்டோ சொல்லட்டுமா?” என்றான் ஜோஸ். அந்தச் சுமை செட்டுக்கு அவன்தான் மேஸ்திரி. அவனும் செல்லக்கண்ணுவும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே மூட்டைக்கு ஆளுக்கொரு நுனி பிடித்தே இருவருக்கும் பாதி ஆயுசு போயிருந்தது.

“வாயை மூடிக்கிட்டு மூட்டையைப் புடிடா.”

“நான் புடிப்பேன். பொறக்கப் போறது ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லிரு, கோயில்ல மெழுகுவத்தி நேந்துக்கிறேன்.”

லாரிமேல் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜோஸே கைகொடுத்து எழுப்பிவிட்டான். விஷயம் செட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடலிறக்கம். புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே தள்ளி வலை வைத்துத் தைத்துவிடலாம், சில மாசம் பொறுத்தால் பழையபடி மூட்டை தூக்கலாம் என்று சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

“பீடியை நிறுத்தி முழுசா ஒரு மாசம் ஆகணும். வலை வச்ச பிறகு நீங்க லொக்கு லொக்குன்னு இருமினா, உள்ள தைச்சது பிச்சுக்கிட்டுப் போகும். ஆபரேஷன் அன்னைக்கு ஒரு மெஷின்ல ஊதச் சொல்லுவேன். ஏமாத்துனது தெரிஞ்சா ஆபரேஷன் கிடையாது.”

“தள்ளிப் போட்டா என்னங்க ஆகும்?”

“குடல் சிக்கி முறுக்கிக்கும். அப்ப அவசரத்துக்கு வெட்டணும். உயிர் மிஞ்சுனா போதும்னு ஆயிரும். மூட்டையை மறந்துருங்க.”

மூட்டையை மறந்த சுமைகாரனை மார்க்கெட் மறக்க ஒரு வாரம் போதும். செல்லக்கண்ணுவுக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் பீடியை நிறுத்தினான். நிறுத்தினான் என்று சொல்வது சுலபம். ராத்திரி தூக்கம் இல்லை. டீ குடித்தால், டீ முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதில் வடையைப் போட்டான், வாழைப்பழத்தைப் போட்டான், வெற்றிலையைப் போட்டான். பள்ளம் அப்படியே இருந்தது.

அவன் வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டுப் பக்கம். பெண்சாதி வேலம்மாள் சித்திரை வீதியில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் காய் நறுக்கப் போகிறவள். கட்டிப் பெருங்காயத்தில் கலப்படம் இருந்தால் டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடும் மூக்கு அவளுக்கு. சாயங்காலம் புருஷன் வந்ததும் வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

“ஊதுங்க.”

“போலீசுகூட வண்டி ஓட்டுறவனைத்தான்டி ஊதச் சொல்லுது.”

“குடும்பம்னு ஒரு வண்டி ஓடுதுல்ல? ஊதுங்க.”

அந்த வாரம்தான் அவளுடைய தம்பி ஜெய்சங்கர் மலேசியாவிலிருந்து லீவில் வந்தான். கே.கே. நகரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அக்காவையும் மச்சானையும் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்குக் கூப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் மச்சான் பல்குச்சியை மென்று, தீர்ந்ததும் தீக்குச்சியை மென்று, அதுவும் தீர்ந்ததும் துண்டின் நுனியைக் கடிப்பதைப் பார்த்தான். உள்ளே போய், காலுறைக்குள் சுற்றிவைத்திருந்த ஒரு சாமானைக் கொண்டுவந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புப் பெட்டி. மேலே ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்கு மேலே உறிஞ்சுகிற மூக்கு, பக்கத்தில் ஒரு பட்டன், ஒரு குட்டித் திரை.

“என்ன மாப்ள இது, பிரஷர் பாக்குறதா?”

“வேப் மச்சான். குப்பியில இருக்கிற ஜூஸைச் சூடாக்கும். புகை கிடையாது, ஆவி. பீடியை விட நினைக்கிறவன் அங்க இதைத்தான் இழுக்கிறான். இங்க இதை விக்கவும் கூடாது, கொண்டாரவும் கூடாதுன்னு சட்டம். ஏர்போர்ட்டுல எனக்கு வேர்த்து ஊத்திருச்சு.”

செல்லக்கண்ணு பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

“பேட்டரி இல்ல மச்சான். அதுதான் ஸ்கேன்ல முதல்ல தெரியும்னு பயமுறுத்துனாங்க. அங்கயே விட்டுட்டேன்.”

“பொண்ணைக் கூட்டிட்டு வந்து மணவறையில உக்கார வச்சுட்டு, தாலியை வீட்டுல மறந்துட்டேங்கிற” என்றாள் வேலம்மாள்.

“அதெல்லாம் இங்க கிடைக்கும்க்கா. டார்ச்சுல போடுவாங்களே, கட்டைவிரல் தண்டிக்கு, அந்தச் செல்லுதான். மச்சான், இதுல வாட் ஏத்தலாம், இறக்கலாம். ஏத்த ஏத்த ஆவி ஜாஸ்தி. எண்பது வரைக்கும் போகும்.”

எதற்கு எத்தனை வாட் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. கூட வேலை பார்க்கிற ஒருத்தன் புதுசு வாங்கிக்கொண்டு தள்ளிவிட்ட பழசு அது. ஆனால் எண்பது என்ற சொல் செல்லக்கண்ணுவின் காதில் தேனாகப் பாய்ந்தது. மார்க்கெட்டில் ஒரு மனுஷனுடைய மரியாதையே அந்த நம்பரில்தான் இருக்கிறது. ஐம்பது கிலோ தூக்குகிறவனை ‘டேய் தம்பி’ என்பார்கள். எண்பது தூக்குகிறவன் வந்தால் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த டார்ச்சைக் கவிழ்த்து செல்லை எடுத்தான். பெட்டிக்குள் சொருகினான். திரை முழித்தது. சந்தோஷம். எண்பதுக்கு ஏற்றிப் பட்டனை அமுக்கி ஒரு இழுப்பு இழுத்தான். திரை ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதையே சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

“அதுக்கே உங்க வாயைப் பாத்து மயக்கம் வருது” என்றாள் வேலம்மாள்.

மறுநாள் மண்டித் தராசு ஒன்றுக்கு சார்ஜ் நிற்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போகிற வேலை தற்செயலாக அமைந்த மாதிரி செல்லக்கண்ணு அமைத்துக்கொண்டான். அங்கே ஷரீபா கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு ஆள் அகலம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி, தராசுப் பேட்டரி, மைக் செட் பேட்டரி எல்லாம் வயிறு கிழிந்து கிடக்கும். நடுவில் அவள் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருப்பாள். தராசை வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பெட்டியையும் எடுத்து வைத்தான்.

“இது என்னண்ணே?”

“டார்ச்சும்மா.”

“டார்ச்சுக்கு உறிஞ்சுற மூக்கு எதுக்கு?”

செல்லக்கண்ணு மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான்.

“யா அல்லா, வேப்பா? நம்ம தெருவுல ரெண்டு காலேஜ் பசங்க இதைத் தூக்கிக்கிட்டு வந்து சலாம் போட்டுட்டுப் போயிருக்கானுங்க. உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வயசுல ஸ்டைலு?”

அவன் வயிற்றைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னான். அவள் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, டார்ச் செல்லை வெளியே எடுத்துக் கையில் எடை பார்த்தாள்.

“ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்னு எழுதியிருக்கான். ஆயிரம் இருந்தா அதிசயம். காயலான் கடை லேப்டாப்புலேருந்து உருவி, புதுச் சட்டை போட்டு விட்டிருக்கான். இது இந்த மெஷினுக்கு ஆகாது.”

“விரல் தண்டி ஒண்ணாத்தானே இருக்கு?”

“உசரமும் தண்டியும் பாத்து உங்க செட்டுல ஆள் எடுப்பீங்களா? கேளுங்க. நாள் பூரா தூக்குவாரு, ஆனா அம்பது கிலோவுக்கு மேல முதுகுல வச்சா முட்டி மடங்கும். அப்படி ஒருத்தர் இருக்காரா?”

“இருக்கான். சுரேஷ்குமாரு.”

“நூறு கிலோவை ஒரே தம்முல தூக்குவாரு, பத்து நடையில சுருண்டுருவாரு?”

“அது ஜோசு.”

“செல்லும் அப்படித்தான். எத்தனை நடைங்கிறதுதான் எம்.ஏ.எச். ஒரு நடைக்கு எவ்வளவு பாரம்ங்கிறது ஆம்பியர். டார்ச்சுக்கு நடை இருந்தா போதும். இது ஒரே இழுப்புல பாரத்தைக் கேக்குற மெஷின். நீங்க சுரேஷ்குமாரைக்கூட வைக்கல, அவரு தாத்தாவைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. அதான் படுத்துட்டாரு.”

செல்லக்கண்ணுவுக்கு இவ்வளவு சுத்தமாக எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஷரீபா குப்பியைத் திருகிக் கழற்றி, அடியில் இருந்த சின்னக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுதான் காயில். பஞ்சுக்கு நடுவுல கம்பி. பன்னெண்டுலேருந்து பதினெட்டு வாட்னு இதுலயே பொடி எழுத்துல போட்டிருக்கான். பதினஞ்சுல வைங்க.”

“பதினஞ்சா? மச்சினன் எண்பது போகும்னு சொன்னான்.”

“மெஷின் போகும். காயில் போகாது. லாரி நூறுல போகும்ங்கிறதுக்காக அதுக்குப் பின்னால மாட்டு வண்டியைக் கட்டுவீங்களா?”

“இருந்தாலும் பதினஞ்சுங்கிறது… எங்க வீட்டுக் கக்கூசுல எரியிற குண்டு பல்பே நாப்பதும்மா.”

“அப்ப அதையே வாயில வச்சு உறிஞ்சுங்க.”

பிறகு ஒரு பழைய டிரில்லிங் மெஷினின் பேட்டரியைப் பிரித்து இரண்டு செல்களை எடுத்தாள். மீட்டரில் வைத்து, பாரம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றின் மேலுறை லேசாகக் கீறியிருந்தது. அதை உரித்தெறிந்து, புது உறை மாட்டி, சூடு காட்டிச் சுருங்க வைத்தாள்.

“ஒவ்வொண்ணும் இருபது ஆம்பியர் தாங்கும். பதினஞ்சு வாட்டுக்குத் தாராளம். எண்பதுக்கு வச்சீங்கன்னா இதுக்கும் மூச்சு முட்டும், சூடேறும். ஒண்ணு மெஷின்ல. இன்னொண்ணு இந்த மாத்திரை டப்பாவுல. டப்பாவை விட்டு வெளிய வரக் கூடாது. இந்த மேல் மொட்டும் பக்கத்து உடம்பும், ரெண்டும் ஒரே இரும்பைத் தொட்டுச்சுன்னு வைங்க, அடுப்பாயிரும். சில்லறை, சாவி, ஒண்ணும் கூட இருக்கக் கூடாது. கேக்குதா?”

“கேக்குது.”

“எண்பது?”

“வைக்க மாட்டேன்.”

காசைக் கொடுத்துவிட்டு நேராக மண்டிக்குப் பின்னால் போய் எண்பது வைத்தான்.

ஒரு மனுஷன் ஆசை தீர இழுக்கிற முதல் இழுப்பு அது. பஞ்சு கருகியது. சணல் சாக்கைக் கொளுத்தி வாயில் திணித்த மாதிரி ஒரு காரல் தொண்டையிலிருந்து குடல்வரை இறங்கியது. இருமினான். குனிந்து இருமினான், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். வயிற்றிலிருந்த எலுமிச்சை சாத்துக்குடியாக வெளியே வந்து நின்றது. அப்படியே சாக்குக் குவியலில் மல்லாந்து படுத்து, மெதுவாக அதை உள்ளே தள்ளினான். கண்ணில் தண்ணீர்.

தலைக்கு மேலே ஜோஸின் முகம் தெரிந்தது.

“பீடியில இருமுனாத்தான் ஆபரேஷன் கிடையாதா மாப்ள? இதுல இருமுனா டாக்டர் வெத்தலை பாக்கு வைப்பாரா?”

நல்லவேளையாக, ஜெய்சங்கர் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்திருந்த சின்ன டப்பாவில் ஜூஸோடு இன்னொரு காயிலும் இருந்தது. அதை மாட்டினான். ஷரீபாவுக்குப் போன் போட்டு, சிரிக்கட்டும் என்று சிரிக்க விட்டு, பஞ்சு ஜூஸில் ஊறக் கொஞ்ச நேரம் சும்மா வைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டான். வெட்கத்தோடு பதினைந்துக்கு இறக்கினான். இழுத்தான். மாம்பழ வாசனையோடு, தொண்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆவி இறங்கியது. பீடி மாதிரி இல்லை. மாமியார் வீட்டுக் காபி மாதிரி இருந்தது, குறை சொல்லவும் முடியாது, நிறைந்ததென்று சொல்லவும் முடியாது. ஆனால் டீக்குப் பிறகு விழுகிற அந்தப் பள்ளம் மூடியது. அன்று ராத்திரி தூங்கினான்.

மறுநாள் வாசலில் வேலம்மாள் மோந்து பார்த்துவிட்டு, “எங்க முதலாளிகிட்டச் சொல்றேன். மாம்பழக் கேசரிக்கு எசன்ஸ் வாங்க வேணாம், ஒரு பந்திக்கு உங்களை நிறுத்திக்கலாம்” என்றாள். திட்டவில்லை. அதுவே பெரிது.

மண்டியில்தான் மானம் போனது. அவன் ஓரமாகப் போய் ஊதிவிட்டு வந்தால், அடுத்த கடைக்காரர் எந்தக் கூடையில் பழம் அழுகியது என்று தேடினார். “எத்தனை வாட்டுப்பா?” என்று போகிற வருகிறவன் எல்லாம் கேட்டான். “பதினஞ்சு” என்று சொல்ல நாக்கு வரவில்லை. “அம்பது” என்றான்.

இப்படியே பாதி மாசம் ஓடியது. பீடி தொடவில்லை. டாக்டர் குறித்த தேதி பக்கத்தில் வந்தது. தேதி வருகிறவரை பெரிய மூட்டை வேண்டாம் என்று ஜோஸ் அவனைச் சின்ன மூட்டைகளுக்கு மாற்றியிருந்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, மாத்திரை டப்பாவைத் தவிர.

சுமைகாரனுக்குச் சட்டைப் பை கிடையாது. சட்டையே கிடையாது. கைலியும் துண்டும்தான். அவனுக்கு பீரோ, பெட்டி, பேங்க் எல்லாமே இடுப்பு மடிதான். மூட்டையில் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியும் அங்கேதான். அந்த மடிக்குள் டப்பா உருண்டு உருண்டு குத்தியது. ஒரு நாள் பொறுத்தான், இரண்டு நாள் பொறுத்தான். பிறகு டப்பாவை வீட்டில் போட்டுவிட்டு, செல்லை மட்டும் தனியே மடியில் சுருட்டிக்கொண்டான். புத்தம் புது உறை போட்டுக் கொடுத்திருக்கிறாளே, அதற்கு மேல் இன்னொரு வீடு எதற்கு என்று நினைத்தான். கொக்கி அந்தப் புது உறையை ஒவ்வொரு நடைக்கும் ஒரு கீறு கீறிக்கொண்டே வந்தது அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை, உருளைக்கிழங்கு லாரி. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. செல்லக்கண்ணு கொக்கியை மடியில் சொருகிவிட்டு, முதுகு காட்டி மூட்டை வாங்கினான். நாலடி வைத்திருப்பான். வலது இடுப்பில் சுள்ளென்றது. இன்னும் இரண்டடி. சுள்ளென்றது கொதியாக மாறியது. மூட்டையைக் கீழே போட்டான். இதுவரை எந்த வலிக்கும் மூட்டையை அப்படிப் போட்டவன் இல்லை.

“ஜோசு! முறுக்கிருச்சுடா! குடல் முறுக்கிருச்சு!”

அந்தக் குரலில் கேலிக்கு இடமில்லை. ஜோஸ் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தான். சுரேஷ்குமார் ஆட்டோவுக்கு ஓடினான். செல்லக்கண்ணு தரையில் புரண்டான். டாக்டர் சொன்னது நடந்துவிட்டது, இனி வெட்டுவார்கள், உயிர் மிஞ்சினால் பெரிது, மூட்டை போனது, மார்க்கெட் போனது என்று எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் ஓடியது. “வேலம்மாகிட்டச் சொல்லிரு” என்றான்.

ஜோஸ் அவன் வயிற்றில் கை வைக்கப் போனவன், மூக்கைச் சுளித்தான்.

“குடல் முறுக்குனா பிளாஸ்டிக் நாத்தம் ஏன்டா அடிக்குது?”

கைலியிலிருந்து புகை வந்தது. ஜோஸ் ஒரே உருவாக உருவி வீசினான். கைலி போய் விழுந்த இடத்தில் கொக்கியும் செல்லும் பிரிந்து தெறித்தன. செல் சீறிக்கொண்டு சுழன்று, வெள்ளைப் புகையைக் கக்கியது. கூட்டம் விலகியது. யாரோ ஒருத்தர் மண் அள்ளும் தகரத்தால் அதை ஓரத்து மணல் குவியலுக்குத் தள்ளி மேலே மணலைக் கொட்டினார். கோடு போட்ட டவுசரோடு செல்லக்கண்ணு நடு மார்க்கெட்டில் மல்லாந்து கிடந்தான். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. குடல் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

ஜோஸ் மணல் குவியலையும் கொப்புளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

“மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க. நீ அடுப்பையே கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கியேடா.”

மார்க்கெட்டே சிரித்தது. காய் வாங்க வந்த அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். “அம்பது வாட்டு!” என்று யாரோ கத்தினார்கள். செல்லக்கண்ணுவும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. குடல் முறுக்கிவிட்டது என்று நம்பிய அந்த ஒரு நொடி அவன் கைகால்களை விட்டு இன்னும் இறங்கவில்லை. சாக்கில் சாய்த்து உட்கார வைத்து, குழாய்த் தண்ணீரை இடுப்பில் விடாமல் ஊற்றினார்கள். அவன் ஜோஸின் கையைப் பிடித்தான்.

“ஜோசு. ஒண்ணு குடு.”

“என்ன?”

“பீடிடா. ஒண்ணே ஒண்ணு. நெஞ்சு படபடங்குது. பாதி இழுத்துட்டுக் குடுத்துடறேன்.”

இவ்வளவு பட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வராது. ஜோஸ் தன் மடியில் கை விட்டான். அப்போதுதான் வாங்கிய முழுக் கட்டு, மேல் காகிதம்கூடக் கசங்கவில்லை. வெளியே எடுத்தான். செல்லக்கண்ணுவின் கை தானாக விரிந்தது.

ஜோஸ் நடந்துபோய், மண்டிக் கழிவு ஓடுகிற சாக்கடையில் கட்டை அப்படியே போட்டான். அது மிதந்தது. காலால் அமுக்கினான்.

“டேய்!”

“ஒண்ணு குடுத்தா அந்த டாக்டர் மெஷின் காட்டிக் குடுக்கும். உன்னைத் தூக்கிப் போட்டுட்டுப் புது ஆளைச் செட்டுல சேத்துக்க என்னால முடியாதுடா. எவனுக்கு அளவெடுத்து முதுகைப் பழக்கறது?” ஜோஸ் காலை உதறிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் முகத்திலேயே நஷ்டம் தெரிந்தது. “ஆனா ஒண்ணு. அது முழுக் கட்டு. ஒரு பீடிகூட நான் இழுக்கல. அதை நீதான் எனக்குத் திருப்பித் தரணும்.”

புத்தூர் டாக்டர் கொப்புளத்தைப் பார்த்தார். ஆபரேஷன் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் தீப்புண் ஆறாமல் கத்தி வைக்க முடியாது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். வேலம்மாள் முந்தானையிலிருந்து அந்த இரும்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை வாட்ல வச்சீங்க?”

“பதினஞ்சுங்க” என்றான் செல்லக்கண்ணு. டாக்டரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

“பதினஞ்சோ அம்பதோ, இதுலயும் அதே நிக்கோட்டின்தான் இருக்கு. மிச்ச நாளுக்கு இதுவும் வேணாம்.”

“எடுத்துக்கறேங்க” என்று வேலம்மாளே பதில் சொல்லிப் பெட்டியை மறுபடி முடிந்துகொண்டாள். “என் தம்பி திரும்பப் போறப்ப அவன் காலுறைக்குள்ளயே வச்சு அனுப்பிடறேன். ஏர்போர்ட்டுல வேர்க்கட்டும்.”

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று செல்லக்கண்ணுவிடம் கேட்டால் கெட்ட வார்த்தையில்தான் பதில் வரும். பெட்டியும் இல்லை, பீடியும் இல்லை. கடலை மிட்டாயைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் ஆடியது. மார்க்கெட்டில் பெட்டிக்கடை பெட்டிக்கடையாக ஜோஸ் சொல்லி வைத்திருந்தான். “செல்லக்கண்ணு வந்தா தீப்பெட்டிகூடக் குடுக்காதே.” ஒரு நாள் தாங்காமல் பாலக்கரைவரை நடந்துபோய், முகம் தெரியாத ஒரு கடையில் கை நீட்டினான். பின்னாலிருந்து, “அண்ணே, டார்ச்சு வாங்க வந்தீங்களா?” என்று ஷரீபாவின் குரல் கேட்டது. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

குறித்த நாளில் மெஷினில் ஊதினான். நம்பர் வந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். வலை வைத்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் வேலம்மாள் இருந்தாள். கால்மாட்டில் ஜோஸ் நின்றுகொண்டிருந்தான்.

“என்ன குழந்தை?” என்று ஜோஸ் கேட்டான். சிரித்தால் தையல் இழுத்தது. சிரிக்காதே என்று வேலம்மாள் வாயைப் பொத்தினாள்.

இப்போது செல்லக்கண்ணு மறுபடி லாரிக்கு முதுகு காட்டுகிறான். முதலில் சின்ன வெங்காயச் சிப்பம், அப்புறம் அரை மூட்டை, போன மாசத்திலிருந்து முழு மூட்டை. இருமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டான். செட்டில் மற்றவர்கள் தன் பங்குக்குத் தூக்கிய மூட்டைகளையும், அவரவர் ஊர்த் திருவிழாவுக்குப் போன நாட்களில் அவர்களுக்குப் பதிலாகத் தூக்கி நேர் செய்துவிட்டான். ஜோஸின் கணக்கு ஒன்றுதான் நிற்கிறது. தினமும் காலையில் டீக்கடையில் ஜோஸ் கேட்கிறான்.

“என் கட்டு எங்கடா?”

“குடுத்துர்றேன்டா. சுரேஷ்குமாரை விட்டு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?”

“அவனா சாக்கடையில போட வச்சான்? உன் கையால வாங்கி, உன் கையாலதான் குடுக்கணும். அவசரமில்ல.”

செல்லக்கண்ணு பெட்டிக்கடைவரை போகத்தான் செய்கிறான். காசைக்கூட எடுத்து நீட்டிவிடுகிறான். கடைக்காரன் கட்டை எடுக்கக் கை வைக்கும்போது, அது தன் விரலுக்குள் வந்து உட்காரும் கனம் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தக் கடையிலிருந்து டீக்கடை நாற்பதடி. அந்த நாற்பதடிக்குத் தன் கையை நம்ப முடியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. காசை மறுபடி மடியில் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறான்.

ஜோஸுக்கு அவன் ஒரு கட்டுப் பீடி தர வேண்டும். இன்னும் தரவில்லை.